பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டோம். பெட்டிக்குள் தங்கிய பொய்யை யார் துடைப்பது?

மதிப்பிற்குரிய சிவில் விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர், டிஜிசிஏ தலைமை இயக்குநர், இந்திய விமான நிலைய ஆணையத் தலைவர் ஆகியோருக்கு,

ஜிபிஎஸ் வழக்கத்துக்கு மாறாக நடந்துகொண்டால் 10 நிமிடத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2025 நவம்பரில், விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ உத்தரவிட்டது. விமானி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், தொழில்நுட்பப் பிரிவு எல்லோருக்கும் அது பொருந்தும். நல்ல உத்தரவு, தேவையான உத்தரவு. இந்த மடல் பதினோராவது நிமிடத்தைப் பற்றியது.

யாரோ பரப்பும் போலி ஜிபிஎஸ் சிக்னல் உள்ள பகுதியை விமானம் தாண்டிவிட்டால் விவகாரம் முடிந்தது என்றுதான் நடைமுறையில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். முடிவதில்லை. போலி இடமும் போலி நேரமும் சிக்னலை வாங்கும் ரிசீவரில் நுழைந்து அங்கிருந்து நான்கைந்து கணினிகளுக்குப் போய்விடுகின்றன. அவற்றில் சில, விமானம் தரையிறங்கிக் கதவு திறந்த பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தப் பெட்டிகளைச் சோதித்து, விமானத்தின் பழுதுப் பதிவேடான டெக் லாக்கில் கையெழுத்துப் போட்டு, அடுத்த பயணத்துக்கு விமானத்தை விடுவிக்கும் ஏவியானிக்ஸ், அதாவது விமான மின்னணுக் கருவி, வேலைக்காரர்கள் நாங்கள். வானில் இருப்பவருக்கு நடைமுறை இருக்கிறது, கோபுரத்தில் இருப்பவருக்கும் இருக்கிறது. விமானத்தின் சக்கரத்துக்கடியில் நிற்பவருக்கு மட்டும் ஒரே சீரான விதி இல்லை. ஆளுக்கொரு விதமாக, நிறுவனத்துக்கொரு விதமாக நடக்கிறது. எங்கள் குறை இதுதான்.

இது எல்லைப்புறப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதியில் 465 ஜிபிஎஸ் குறுக்கீட்டு நிகழ்வுகள் பதிவாயின, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு பகுதிகளில் என்று மக்களவையில் அரசே சொன்னது. 2025 டிசம்பர் 1 அன்று மாநிலங்களவையில் தந்த பதிலில் டெல்லியின் 10ஆம் ஓடுபாதைக்கு ஜிபிஎஸ் அடிப்படையில் இறங்கிய விமானங்களுக்குப் போலி சிக்னல் வந்தது ஒப்புக்கொள்ளப்பட்டது. கொல்கத்தா, அமிர்தசரஸ், மும்பை, ஹைதராபாத், பெங்களூரு, சென்னை நிலையங்களிலிருந்தும் புகார்கள் வந்திருப்பதாக அதே பதில் சொல்கிறது. சென்னைக்கு அருகே எந்தப் போர்முனையும் இல்லை.

அது மட்டுமல்ல, பொய் தங்கியிருக்கும் பெட்டி விமானத்தோடு ஊர் ஊராகப் போகிறது. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வளைகுடாவுக்குப் போய்வரும், நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் வளைகுடா வானில் குறுக்கீட்டைச் சந்தித்துத் திரும்பும் விமானம், காலையில் மதுரைக்கோ கோவைக்கோ உள்நாட்டுப் பயணம் கிளம்பிவிடும். நிற்கும் நேரம் 45 நிமிடம், ஒரு மணி நேரம். இரவு ஓட்டிய விமானிகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்கள் அனுப்பிய 10 நிமிடத் தகவல் டெல்லியில் ஏதோ ஒரு கோப்பில் சேர்ந்திருக்கும். காலை விமானிகள் கையில் இருப்பது டெக் லாக் மட்டுமே. அதில் இரவு நடந்தது எழுதப்பட்டிருக்கலாம், எழுதப்படாமலும் இருக்கலாம்.

பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. விதி எழுதுபவர்களுக்கு இந்த இடம்தான் மங்கலாக இருக்கிறது என்று நினைக்கிறோம்.

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. 1575.42 மெகாஹெர்ட்ஸில் அவை அனுப்பும் பொதுச் சிக்னல் ரிசீவரின் சொந்த இரைச்சலுக்கும் கீழே அமுங்கிய நிலையில்தான் வந்து சேர்கிறது. தரையிலிருந்து அதை அமுக்குவது எளிது. அது ஜாமிங், ரிசீவருக்குச் சிக்னல் போய்விட்டது என்று தெரியும், காக்பிட்டில் எச்சரிக்கை வரும். ஸ்பூஃபிங் வேறு. அதே அமைப்பில், சற்றே வலுவாக, பொய்யான சிக்னலை அனுப்புவது. அனுப்பியவர் யார் என்று நிரூபிக்கும் கையொப்பம் எதுவும் பொதுச் சிக்னலில் கிடையாது. அதன் வடிவம் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. தீர விசாரிக்கும் வழக்கம் அந்த ரிசீவருக்குக் கிடையாது. உரக்கச் சொல்பவனை நம்பும்.

‘ரெய்ம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும்’ என்று கூட்டங்களில் சொல்லக் கேட்கிறோம். ரெய்ம் என்பது செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கணக்கு. தவறைக் கண்டுபிடிக்க 5 செயற்கைக்கோள்கள் வேண்டும், தவறானதை விலக்கிவிட்டுத் தொடர 6 வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் கடிகாரம் கெட்டுப்போவதைக் கண்டுபிடிக்க உருவானது அது. எல்லாச் செயற்கைக்கோள்களும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொன்னால் எல்லாம் ஒத்துப்போகும். ரெய்ம் திருப்தி அடைந்துவிடும். இந்தியாவின் ஜிபிஎஸ் துணை அமைப்பான ககன் காப்பாற்றும் என்ற எண்ணமும் அப்படித்தான். ககன் ஜிபிஎஸ்ஸின் பிழையைத் திருத்துகிறது, நம்பகத்தைக் கண்காணிக்கிறது, அதில் நமக்குப் பெருமை உண்டு. ஆனால் அதுவும் அதே 1575.42 மெகாஹெர்ட்ஸில்தான் வருகிறது, அதற்கும் கையொப்பம் இல்லை. ஐரோப்பாவின் கலிலியோ 2025 ஜூலையில் தன் பொதுச் சிக்னலுக்கு நம்பகச் சரிபார்ப்பைத் தொடங்கியது. நம் ஓடுதளங்களில் நிற்கும் பயணிகள் விமானங்களின் ரிசீவர்கள் அதைப் படிப்பதில்லை.

ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் ஜிபிஎஸ் இருப்பது மல்டி மோட் ரிசீவர் எனும் பெட்டிக்குள். இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று கெட்டால் இன்னொன்று என்பது பழுதுக்குப் பொருந்தும் கணக்கு. ஸ்பூஃபிங்கில் இரண்டு ஆண்டெனாவும் ஒரே பொய்யைக் கேட்கின்றன. ரிசீவரிலிருந்து இடம், விமானத்தின் அசைவை அளந்து தானே இடத்தைக் கணக்கிடும் ஐஆர்எஸ் எனும் நிலைமத் திசையறி அமைப்புக்குப் போகிறது. அங்கே ஜிபிஎஸ் இடமும் ஐஆர்எஸ் இடமும் கலந்த ஒரு ‘கலப்பு இடம்’ கணக்கிடப்பட்டு ஃப்ளைட் மேனேஜ்மென்ட் கணினிக்குப் போகிறது. நிலப்பரப்பு எச்சரிக்கை அமைப்பான இஜிபிடபிள்யூஎஸ் பல விமானங்களில் ஜிபிஎஸ் இடத்தை நேரடியாக எடுத்துக்கொள்கிறது. ஏடிஎஸ்-பி ஒலிபரப்பு அதே இடத்தைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் சொல்கிறது. காக்பிட் கடிகாரம் அதே ரிசீவரிலிருந்து நேரம் எடுக்கிறது.

இதில் கடிகாரத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். இடம் தவறினால் வரைபடத்தில் விமானம் தாவும், யாராவது பார்ப்பார்கள். நேரம் சில மணி நேரம் பின்னே போனாலோ தேதியே மாறினாலோ திரையில் எதுவும் தாவாது. ஆனால் கட்டுப்பாட்டாளரோடு எழுத்தில் பேசும் சிபிடிஎல்சி இணைப்பு, செய்திகளின் நேர முத்திரை பொருந்தாமல் மறுக்கலாம். 28 நாளுக்கு ஒருமுறை மாறும் நேவிகேஷன் தரவுத்தளத்தில் பழைய சுற்று நடப்புச் சுற்றுபோல் காட்டப்படலாம். பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. ஏ320இல் பயணம் முடிந்ததும் அச்சாகும் போஸ்ட் ஃப்ளைட் ரிப்போர்ட்டில் பழுதின் பெயரும் நேரமும் இருக்கும், எங்கே நடந்தது என்பது இருக்காது. அந்த நேரத்தை வைத்துத்தான் இடத்தைக் கணக்கிட வேண்டும். கடிகாரமே போலியாகிவிட்டால் அந்தத் தாளில் உள்ள நேரமும் போலி.

பிறகு நடப்பது எல்லா ஹேங்கரிலும் ஒன்றுதான். டெக் லாக்கில் ‘ஜிபிஎஸ் 1, 2 இல்லை, பிறகு வந்தது’ என்று ஒரு வரி. சோதனை ஓட்டினால் ‘பழுது இல்லை’ என்று வருகிறது, ஏனென்றால் பெட்டி கெடவில்லை, ஏமாந்திருக்கிறது. மறுநாளும் அதே வரி வந்தால் ரிசீவரைக் கழற்றி மாற்றுகிறார்கள். கழற்றிய பெட்டி பட்டறைக்குப் போய், அங்கேயும் பழுது இல்லை என்று சான்றிதழோடு திரும்பி, வேறொரு விமானத்தில் ஏறுகிறது. பணம் போனது ஒருபுறம். பவர் துண்டித்தவுடன் சாட்சியம் அழிந்தது மறுபுறம். எந்த ரிசீவர், எந்த சாஃப்ட்வேர் பதிப்பு எளிதில் ஏமாறுகிறது, எது சீக்கிரம் தேறுகிறது என்ற கணக்கு இந்த நாட்டில் எங்கும் சேரவில்லை.

இஜிபிடபிள்யூஎஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இந்த முழு விவகாரத்தில் ஆளைக் கொல்லக்கூடிய கண்ணி அதுதான். போலி இடத்தை நம்பிய பெட்டி 35,000 அடியில் பறக்கும்போது ‘மலை முன்னால், மேலே ஏறு’ என்று கத்துகிறது. விமானி பார்க்கிறார், மலை இல்லை. நிலப்பரப்புப் பகுதியை அணைத்து வைக்கிறார், நிறுவன நடைமுறையே சில சமயம் அப்படிச் சொல்கிறது. இறங்கும் முன் மறுபடி இயக்க வேண்டும். ஒருமுறை மறந்தால்? இன்னும் மோசமானது, பெட்டி தன் இடத்தைச் சரிசெய்துகொள்ளாமல் அடுத்த பயணத்திலும் பொய் எச்சரிக்கை தருவது. வெளிநாட்டு விமானிகள் குழுக்கள் இதைத் தொடர்ந்து பதிவு செய்திருக்கின்றன. மலையில் மோதும் விபத்துகளைக் குறைத்ததில் இந்த ஒரு பெட்டிக்கு இருக்கும் பங்கு வேறெதற்கும் இல்லை. அதன் குரலுக்கு விமானிகள் செவிகொடுக்காமல் பழகிவிட்டால், அதை எந்தச் சுற்றறிக்கையாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

தரையில் செய்ய வேண்டியது மலைப்பான வேலை இல்லை. குறுக்கீட்டைச் சந்தித்த விமானம் நின்றதும், பவரைத் தொடுவதற்கு முன், பழுதுப் பதிவுகளையும் ரிசீவர் நிலையையும் அச்சிட்டோ படமெடுத்தோ வைக்க வேண்டும். ஏ320இன் காக்பிட்டில் விசைகளோடு உள்ள திரையான எம்சிடியூவின் ஜிபிஎஸ் மானிட்டர் பக்கத்தில் இரண்டு ரிசீவரின் இடமும் நேரமும் தெரியும். நிறுத்துமிடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை நிலைய வரைபடத்திலேயே அச்சாகியிருக்கிறது. இரண்டையும் ஒப்பிட வேண்டும். தேதியை ஒப்பிட வேண்டும், நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. பொருந்தாவிட்டால் உற்பத்தியாளர் சொன்ன முறையில் ரிசீவரின் பவரைத் துண்டித்து மீண்டும் தர வேண்டும். ரிசீவரில் செயற்கைக்கோள் பட்டியலே கெட்டிருந்தால் அது முழுதாகத் திரும்பி இறங்கப் பன்னிரண்டரை நிமிடம் பிடிக்கும், வினாடிக்கு 50 பிட் வேகம்தான் ஜிபிஎஸ் செய்திக்கு. ‘இரண்டு நிமிடம் பார்த்தேன், வந்துவிட்டது’ என்று நகர்வது தவறு. அடுத்தது ஐஆர்எஸ். அதற்குத் தொடக்க நிலையைக் கற்றுத்தரும் அலைன்மென்ட்டை அவசரத்தில் குறுக்கிச் செய்வது இங்கே போதாது, முழு அலைன்மென்ட் செய்ய வேண்டும், தொடக்க இடத்தைத் தானாக ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுக்க விடாமல் கையால் உள்ளிட வேண்டும். இல்லாவிட்டால் பொய்யின் மேல் அஸ்திவாரம் போட்டதாகும். கடைசியாக இஜிபிடபிள்யூஎஸ் சுயசோதனை, அது எந்த இடத்தில் இருப்பதாக நினைக்கிறது என்பதையும் சேர்த்து. எல்லாம் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். ஆனால் திட்டமிட்ட நிறுத்தம் 45 நிமிடம் என்றால், எழுதப்பட்ட விதி இல்லாமல் இந்த வேலைக்கு நேரம் கேட்கும் பொறியாளர் ‘தாமதம் செய்தவர்’ ஆகிறார்.

விதி இல்லாத இடத்தில் கைவைத்தியம் வளரும். குறுக்கீட்டுப் பகுதிக்குள் நுழையும் முன், பெட்டிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டு, தாண்டியதும் போடுவது அப்படி ஒன்று. சில விமானங்களில் உற்பத்தியாளரே இதற்கு வழிசெய்திருக்கலாம். வழிசெய்யாத விமானத்தில், அந்த ஒரே பிரேக்கரில் வேறு எந்தெந்தப் பெட்டி தொங்குகிறது என்பது வயரிங் வரைபடத்தைத் திறந்தவருக்குத்தான் தெரியும். கடிகாரத்தை ஜிபிஎஸ் நிலையிலிருந்து உள்நேர நிலைக்கு முன்கூட்டியே மாற்றி வைப்பது போன்ற எளிய, பாதுகாப்பான படிகள் இருக்கும்போது, பிரேக்கர் இழுக்கும் பழக்கம் பரவ விடுவது அலட்சியம்.

பெட்டிக்குள் தங்கியிருக்கும் பழைய தரவு விமானத் தகுதிக்கு உட்பட்ட விஷயம்தானா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், பதில் ஏற்கெனவே ஆணையாகவே வந்திருக்கிறது. போயிங் 787ஐ 51 நாளுக்கு ஒருமுறையாவது முழுதாக அணைத்து எழுப்ப வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ 2020இல் ஆணையிட்டது. காரணம், தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் பழைய தரவைக் கண்டுபிடித்து விலக்கும் வேலை நின்றுபோய், தவறான தகவல் திரையில் வரலாம் என்பது. ஏ350க்கு அதற்கு முன்பே, 2017இல், 149 மணி நேரம் என்று ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பான இஏஎஸ்ஏ வரம்பு வைத்தது. யாரும் தாக்காமலே தரவு பழையதாகப் போவதற்கு ஆணை உண்டு. யாரோ வேண்டுமென்றே புகுத்திய பொய்த் தரவுக்கு இல்லையா?

டெல்லி விஷயத்தில் விமான நிலைய ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. 10ஆம் ஓடுபாதையில் இறங்கியவர்களுக்குத்தான் சிக்கல் வந்தது, வழக்கமான தரைக்கருவிகள் இருந்த மற்ற ஓடுபாதைகள் பாதிக்கப்படவில்லை என்று உங்கள் பதிலே சொல்கிறது. இறங்கும் விமானத்தை ரேடியோ கற்றையால் வழிநடத்தும் தரைக்கருவியான ஐஎல்எஸ்ஸின் மேம்பாட்டுப் பணிக்காக ஒரு முனையில் கருவியை எடுக்கும்போது, மிச்சமிருப்பது ஜிபிஎஸ் மட்டும் என்றால் அது ஒரு ஆபத்தை நாமே வரவழைப்பது. ஜிபிஎஸ் போன பிறகு ஐஆர்எஸ் மட்டும் வைத்துப் பறந்தால் மணிக்கு 2 கடல் மைல் வரை விலகலாம். நடுவானில் அது பொருட்டில்லை, ஓடுபாதையைத் தேடும்போது பொருட்டு. விஓஆர், டிஎம்இ எனும் தரை ரேடியோ வழிகாட்டி நிலையங்கள்தான் அந்த விலகலைத் திருத்தும். குறைந்தபட்சத் தரைக்கருவி வலை ஒன்றைப் பேணுவதாக அரசு சொல்லியிருக்கிறது. அந்த வலையில் எந்தெந்த நிலையங்கள் இருக்கின்றன, எத்தனை நாள் பழுதில் கிடந்தன என்பதை விமான நிறுவனங்களோடு விமானங்களைப் பராமரிப்பவர்களும் பார்க்கும்படி வையுங்கள்.

இனி, இதே நோயின் வேறு உறுப்புகள். ஜிபிஎஸ் போல அடிக்கடி தெரியாததால் இவை பேசப்படுவதில்லை.

2025 நவம்பர் 28 அன்று ஏ320 குடும்பத்தின் சுமார் 6,000 விமானங்களுக்கு விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் சாய்க்கவும் உதவும் ஈலாக் கணினியின் சாஃப்ட்வேரை மாற்ற வேண்டி வந்தது. அக்டோபர் 30 அன்று அமெரிக்க நிறுவனமான ஜெட்புளூவின் ஒரு விமானம் தானாக மூக்கைத் தாழ்த்தியதுதான் தொடக்கம். கடும் சூரியக் கதிர்வீச்சு தரவைக் கெடுத்திருக்கலாம் என்று ஏர்பஸ் சொன்னது. இந்தியாவில் 338 விமானங்கள். அந்த வார இறுதியில் ஹேங்கர்களில் தூங்காமல் வேலை செய்தவர்களை நீங்கள் பாராட்டினீர்கள், சரி. அது தாக்குதல் இல்லை, அதுவும் சரி. ஆனால் விமானத்தைத் திருப்பும் கணினிக்குள் சாஃப்ட்வேர் எந்த வழியாகப் போகிறது என்பதை நாடே பார்த்த தருணம் அது. அந்த வழியின் காவலைப் பற்றி ஒரு கேள்வியும் எழவில்லை.

வழி இப்படி. உற்பத்தியாளர் தளத்திலிருந்து கோப்பை இறக்குகிறார்கள். பென் டிரைவிலோ, சாஃப்ட்வேர் ஏற்றும் கருவியான லோடரிலோ ஏற்றுகிறார்கள். லோடரை விமானத்தோடு இணைத்துக் கணினிக்குள் ஊற்றுகிறார்கள். பிறகு காக்பிட்டில் பார்ட் நம்பரைப் படித்து, உற்பத்தியாளரின் வேலை அறிவிப்பான சர்வீஸ் புல்லட்டினோடு ஒப்பிட்டுக் கையெழுத்து. இடையில் சரிபார்ப்பு என்பது பழைய விமானங்களில், கோப்பிலிருந்து கணக்கிட்டு ஒட்டிய ஒரு சிஆர்சி எண். கோப்பு வழியில் நசுங்கியதா, ஒரு பிட் தவறியதா என்று அது சொல்லும். வேண்டுமென்றே மாற்றியவன் சிஆர்சியையும் புதிதாகக் கணக்கிட்டு ஒட்டிவிடுவான். 787, ஏ350 போன்ற புதிய விமானங்களில் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது, கையொப்பம் பொருந்தாத கோப்பை விமானம் ஏற்காது. ஆனால் நம் நாட்டில் பறப்பவற்றில் பெரும்பாலானவை பழைய வழியில் ஏற்றுபவை. அங்கே பாதுகாப்பு முழுக்க முழுக்க அந்த லேப்டாப்பையும் பென் டிரைவையும் அவற்றைப் பூட்டி வைக்கும் அலமாரியையும் நம்பியிருக்கிறது. அந்த லேப்டாப்பில் மின்னஞ்சல் திறக்கப்படுகிறதா, ஹோட்டல் வைஃபையில் இணைகிறதா, பென் டிரைவ் வீட்டுக்குப் போகிறதா என்று எந்தத் தணிக்கையாளரும் கேட்பதில்லை. திருகை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சுக்கு அளவுத்திருத்தச் சான்றிதழ் கேட்கிறார்கள். லேப்டாப்புக்கு ஸ்டிக்கர் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, எங்கள் பக்கத்திலிருந்தே. இருக்கை முன்னாலுள்ள டிவியிலிருந்து விமானத்தைத் திருப்பிவிடலாம் என்ற சினிமாக் கதையை நாங்கள் சொல்லவில்லை. பழைய விமானங்களின் கட்டுப்பாட்டுத் தரவு ஏஆர்ஐஎன்சி 429 எனும் ஒருவழிக் கம்பியில் போகிறது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள், திரும்பிப் பேச வழியே கிடையாது. 787 வந்தபோது பயணிகள் வலையும் விமான வலையும் ஒரே கட்டமைப்பில் நெருங்கின. அதற்காகவே 2008 ஜனவரியில் எஃப்ஏஏ தனி நிபந்தனைகள் விதித்தது. அப்படிப்பட்ட விமானங்களை இயக்கும் நிறுவனம் தனக்கென்று ஒரு வலைப் பாதுகாப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்ற வழிகாட்டலை 2015இல் வெளியிட்டது. நம் நாட்டில் 787 பறக்கத் தொடங்கியது 2012இல், ஏ350 பயணிகளோடு பறக்கத் தொடங்கியது 2024இல்.

விமானமும் தரையும் எழுத்தில் பரிமாறும் ஏகார்ஸ் செய்திகள் 1978இலிருந்து இன்றுவரை பெரும்பாலும் பூட்டில்லாத எழுத்தாகவே போகின்றன. சில ஆயிரம் ரூபாய் ரேடியோ டாங்கிள் வைத்திருப்பவர் படிக்கலாம். படிப்பதால் விமானம் விழாது. ஆனால் விமானத்தின் எடைக் கணக்கான லோட்ஷீட் அதே வழியில் வருகிறது. எடை தவறினால் புறப்பாட்டு வேகம் தவறும். லோட்ஷீட்டின் எடையைக் காகிதத்திலோ குரலிலோ தனியாகச் சரிபார்க்கும் படியை, நேரம் மிச்சம் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறோம். விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் எச்சரிக்கும் டிகாஸ் கருவியின் விஷயம் அதைவிடக் கனமானது. எதிரே விமானம் இருப்பதாகப் பொய்ச் சிக்னல் தந்து டிகாஸை ஏமாற்ற முடியும், அதன் உணர்திறனைத் தரையிலிருந்து குறைக்கவும் முடியும் என்று 2025 ஜனவரி 21 அன்று அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிஐஎஸ்ஏ இரண்டு குறைபாடுகளை அறிவித்தது. இரண்டாவதற்குத் தீர்வு இருக்கிறது: டிகாஸின் அடுத்த தலைமுறையான ஏகாஸ் எக்ஸுக்கு மாறுவது, அல்லது ரேடாருக்குப் பதில் சிக்னல் தரும் டிரான்ஸ்பாண்டரை டிஓ-181எஃப் தரத்துக்கு உயர்த்துவது. முதலாவதற்குத் தீர்வு இல்லை என்று அந்த அறிவிப்பே சொன்னது. இந்தியப் பதிவு விமானங்களில் எத்தனை டிரான்ஸ்பாண்டர்கள் அந்தத் தரத்தில் இருக்கின்றன? கணக்கெடுத்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஐரோப்பா தன் விமான நிறுவனங்களுக்கும் பழுதுபார்ப்பு நிறுவனங்களுக்கும் தகவல் பாதுகாப்பைச் சட்டக் கடமையாக்கி, 2026 பிப்ரவரி 22 என்று நாளும் குறித்தது. ஐரோப்பிய அங்கீகாரம் வைத்திருக்கும் இந்தியப் பழுதுபார்ப்பு நிறுவனம் அந்தச் சான்றிதழுக்காக இதைச் செய்தாக வேண்டும். பக்கத்து ஹேங்கரில் இந்திய அங்கீகாரம் மட்டும் இருப்பவர் செய்ய வேண்டியதில்லை என்றால், வெளிநாட்டு விமானத்துக்கு ஒரு காவல், நம் ஊர் விமானத்துக்கு ஒரு காவல் என்றாகிவிடும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்.

டிஜிசிஏ, பராமரிப்பு விதிகளான சிஏஆர்-எம், சிஏஆர்-145 இரண்டிலும் திருத்தம் கொண்டுவந்து, ஸ்பூஃபிங்கைச் சந்தித்த விமானத்துக்குத் தரைச் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். மேலே சொன்ன படிகளை விமான வகைவாரியாக உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுக்கீடு நடந்ததை டெக் லாக்கில் எழுதுவது விமானியின் விருப்பமாக இல்லாமல் கடமையாகட்டும். 10 நிமிடத் தகவலின் எண் அதே வரியில் இருக்கட்டும். அந்த வரி மூடப்படாமல் விமானம் புறப்படக் கூடாது. அதற்காகும் தாமதம் பராமரிப்பாளர் கணக்கில் ஏறாமல் தனிக் குறியீட்டில் பதிவாக வேண்டும். சின்ன விஷயம்போலத் தெரியும், ஆனால் இது இல்லாமல் முன்னது நடக்காது.

உற்பத்தியாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் பறக்கும்போது சர்க்யூட் பிரேக்கர் இழுப்பதை வெளிப்படையாகத் தடை செய்யுங்கள்.

குறுக்கீட்டுக்குப் பின் பறப்புத் தரவை எடுத்து வைப்பதற்குக் காலக்கெடு வையுங்கள். பறப்புத் தரவைப் பதியும் டிஎஃப்டிஆர் பெட்டி 25 மணி நேரம்தான் வைத்திருக்கும். இரண்டு நாளில் எல்லாம் மேலெழுதப்பட்டுவிடும். எடுத்த தரவு ரிசீவர் வகை, சாஃப்ட்வேர் பதிப்பு, தேறிய நேரம் ஆகியவற்றோடு ஒரே இடத்தில் சேர வேண்டும். விமானத்தின் பதிவெண்ணையும் விமானியின் பெயரையும் நீக்கிவிட்டு, ஊர்வாரியாக, மாதவாரியாக வெளியிடுங்கள். இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவு சைபர் நிகழ்வுகளை 6 மணி நேரத்துக்குள் சொல்லச் சொல்கிறது. விமான ஸ்பூஃபிங் அதற்குள் வருமா வராதா, வந்தால் யார் சொல்வது என்று இரண்டு அலுவலகமும் உட்கார்ந்து ஒரே படிவமாக்கித் தாருங்கள். நள்ளிரவில் இரண்டு படிவம் நிரப்ப ஆள் இல்லை.

சாஃப்ட்வேர் ஏற்றும் லேப்டாப், லோடர், பென் டிரைவ் மூன்றையும் அளவுத்திருத்தக் கருவிகளுக்கு உள்ள அதே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவாருங்கள்: பதிவேடு, பூட்டு, வேறு வேலைக்குத் தடை, இணையத் தொடர்பு உற்பத்தியாளர் தளத்துக்கு மட்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணை, கோப்பு வந்த வழியில் இல்லாமல் வேறு வழியில் பெற்று, இரண்டாவது ஆள் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். கையொப்பம் உள்ள விமானங்களுக்கு, சாவிகள் யாரிடம் இருக்கின்றன, ஆள் வேலையை விட்டுப் போனால் எத்தனை மணி நேரத்தில் சாவி ரத்தாகும் என்பதைத் தணிக்கையில் கேளுங்கள். 787, ஏ350 இயக்கும் நிறுவனங்களின் வலைப் பாதுகாப்புத் திட்டத்தை, டிஓ-355ஏ எனும் விமானத் தகவல் பாதுகாப்பு வழிகாட்டலை ஒட்டி அங்கீகரியுங்கள்.

டிரான்ஸ்பாண்டர் தரக் கணக்கெடுப்பை உத்தரவிட்டு, டிஓ-181எஃப்புக்கு மாறும் கால அட்டவணையை அறிவியுங்கள்.

விமான நிலைய ஆணையம், ஐஎல்எஸ்ஸை நிறுத்தும் ஒவ்வொரு பணிக்கும் முன், அந்த ஓடுபாதைக்கு ஜிபிஎஸ் சாராத மாற்று என்ன என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். மாற்று இல்லையென்றால் பணியைக் குறுக்கீடு குறைவான காலத்துக்குத் தள்ளுங்கள், அல்லது அந்த முனையை மூடுங்கள். டெல்லியில் சிக்னலின் மூலத்தைத் தேடும் வேலை வயர்லெஸ் கண்காணிப்பு அமைப்பிடம் தரப்பட்டிருக்கிறது. தேடல் எங்கே நிற்கிறது என்று நாடாளுமன்றத்துக்குச் சொல்லுங்கள். சென்னைப் புகார்களுக்கும் அதே தேடலை விரிவுபடுத்துங்கள்.

திருத்த வரைவை 90 நாளுக்குள் கருத்துக்கு வெளியிடுங்கள். அந்த வரைவுக் குழுவில், லைனில் இன்றும் கையெழுத்திடும், ஏவியானிக்ஸுக்கான பி2 உரிமம் பெற்ற பொறியாளர்கள் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது இரவு ஷிப்டில் வேலை செய்பவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்பில் ஏவியானிக்ஸ் பணி செய்வோர்